படிமுறை காட்டும் பொறியும் கணிதம் பயிலும் மாணவனும்

கணிதம் கற்பிக்குமிடத்து விடையினும் செய்கைக்கே முதன்மை கொடுத்தல் ஆசிரியரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்காகும். விடை பிழைத்தவிடத்தும் செய்கை நேரியதாயின் அதற்குரிய புள்ளிகளை வழங்குகின்றோம். விடை சரியாயிருந்தும் செய்கை காட்டப்படாதவிடத்துப் புள்ளிகளைக் குறைக்கின்றோம். விடை தற்செயலாகவும் வாய்க்கலாம், அயலவன் தாளிலிருந்தும் வரலாம். செய்கையோ மாணவனது சிந்தனை நடந்துசென்ற அடிச்சுவடு என்பதே இவ்வழக்கிற்கு அடிப்படையான நம்பிக்கை. அந்நம்பிக்கை இப்பொழுது சோதனைக்கு உள்ளாகியிருக்கின்றது. விடையை மாத்திரமன்றிச் செய்கையையும் வரிவரியாக எழுதிக் காட்டும் மென்பொருள்கள் மாணவரின் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. அவை கற்பித்தலுக்கு எவ்வளவிற்குத் துணையாவன, எவ்விடத்தில் அத்துணை முடிவடைகின்றது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவர்க்கு 1/(1 + √ய) என்னும் கோவையைத் தொகையிடுமாறு வீட்டுவேலை கொடுத்திருந்தேன். (இக்கட்டுரை முழுவதும் மாறியை ‘ய’ என்னும் எழுத்தாற் குறிப்போம்.) மறுநாள் மாணவன் ஒருவன் கொணர்ந்த செய்கையிற் குறைகூற ஒன்றுமில்லை. √ய = த எனப் பிரதியிட்டு, கோவையை 2த/(1 + த) என மாற்றி, அதனை 2 − 2/(1 + த) எனப் பிரித்து, 2√ய − 2 மடக்கை (1 + √ய) என்னும் விடையை, மாறிலியையும் மறவாது சேர்த்து எழுதியிருந்தான். “√ய என்பதை ஏன் த என்று எடுத்தீர்?” என வினவினேன். சற்று நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, “அப்படித்தான் போட்டிருந்தது, சேர்” என்றான்.

அவ்வார இறுதியில் ய/√(ய + 1) என்னும் கோவையைத் தொகையிடக் கொடுத்தபொழுது, அவன் மீண்டும் √ய = த என்றே தொடங்கி மூன்றாம் வரியில் நின்றுவிட்டான். √(ய + 1) = த என எடுத்திருப்பின் மூலக்குறி மறைந்து 2(த² − 1) என்னும் எளிய கோவையே எஞ்சியிருக்கும். முதற் கணக்கின் வரிகள் யாவும் அவனிடம் இருந்தன. மூலக்குறியை அகற்றவல்லது எதுவோ அதனைப் பிரதியிடுக என்னும் எண்ணம், அவ்வரிகளையெல்லாம் பிறப்பித்த எண்ணம், அவனிடம் இருக்கவில்லை. அவனைக் கடிவதிற் பயனில்லை. அவன் பார்த்து எழுதிய பக்கத்தில் அவ்வெண்ணம் எழுதப்பட்டிருக்கவில்லை.

இக்குறை எங்கிருந்து வந்தது என அறிதற்கு இப்பொறிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். எண்களைக் கூட்டிப் பெருக்கும் கணிகருவி வேறு; எழுத்துக்களாலும் குறியீடுகளாலும் ஆகிய கோவைகளைக் காரணிப்படுத்தியும் வகையிட்டும் தொகையிட்டும் தரும் கணினி அட்சரகணித மென்பொருள் வேறு. இரண்டாம் வகையின் முன்னோடிகளுள் ஒன்று 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஸ்லேகல் என்பவர் தமது கலாநிதிப் பட்ட ஆய்வின்பொருட்டு அமைத்த ‘செயின்ற்’ என்னும் நிரலாகும். பல்கலைக்கழக முதலாண்டு மாணவர் செய்யும் தொகையீட்டுக் கணக்குகளைச் செய்வதே அதன் நோக்கம். கொடுக்கப்பட்ட 86 கணக்குகளுள் 84 கணக்குகளை அது செய்து முடித்தது.

அந்நிரல் கணக்குச் செய்த முறையே நாம் கருதத்தக்கது. ய⁴/(1 − ய²)^(5/2) என்னும் கோவையைத் தொகையிடும் கணக்கில், ய என்பதற்குச் சைன் சார்பைப் பிரதியிட்டு, தான்சனின் நான்காம் வலுவை அது அடைந்தது. அவ்விடத்தில் வழி பல கிளைகளாகப் பிரிந்தது. தான்சனாகவே வைத்துக்கொள்வதா, கோதான்சனாக மாற்றுவதா, அரைக்கோணத்தின் தான்சனைப் பிரதியிடுவதா? ஒவ்வொரு கிளையிலும் எஞ்சும் கோவை எவ்வளவு சிக்கலானது என்பதை, சார்புகள் ஒன்றனுள் ஒன்றாக எத்தனை அடுக்கு அமைந்துள்ளன என்பதைக் கொண்டு மதிப்பிட்டு, எளிதெனத் தோன்றியதை முதலில் முயன்றது. பயன்படாத வழியைக் கைவிட்டு வேறொன்றை நாடியது. அஃதாவது, ஒரு மாணவன் தாளின் ஓரத்தில் எழுதி வெட்டித் திரும்பவும் எழுதுவதைப் போன்றதொன்றை அப்பொறி செய்தது எனலாம்.

பின்வந்தோர் இம்முறையை விரும்பினாரல்லர். 1967ஆம் ஆண்டில் அதே கழகத்தில் ஜோயல் மோசஸ் அமைத்த ‘சின்’ என்னும் நிரல், தேடி முயல்வதைக் குறைத்து, கோவையின் இயல்பை ஆராய்ந்து உடனே உரிய முறையைத் துணிவதாயிற்று. அதனையடுத்த சில ஆண்டுகளில் றொபேட் றிஷ் என்பார், ஒரு சார்பின் தொகையீட்டை அடிப்படைச் சார்புகளால் எழுதமுடியுமா முடியாதா என்று தீர்மானிக்கும் பொதுமுறை ஒன்றை வகுத்தார். காரணிப்படுத்தலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பெருக்கம் ஆறும் கூட்டுத்தொகை ஐந்துமாகிய இரண்டு எண்களைத் தேடுமாறு நாம் மாணவனுக்குச் சொல்கின்றோம். இப்பொறிகளோ உயர்படிக் கோவைகளைக் காரணிப்படுத்துமிடத்து, எண்களை ஒரு முதன்மை எண்ணால் வகுத்துவரும் மீதிகளாக மாற்றி, அங்கே காரணிகளைக் கண்டு, பின்னர் அவற்றை முழுவெண்களுக்கு உயர்த்துகின்றன. பேர்லகாம்ப் 1967ஆம் ஆண்டிலும் சாசன்ஹவுஸ் 1969ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் இம்முறைக்கு அடிகோலின. வல்லமை வளர வளரப் பொறி மாணவன் செல்லும் பாதையை விட்டு விலகிச்சென்றது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

ஆகவே, இன்று திரையிற் காணப்படும் படிமுறை பெரும்பாலும் பொறி தான் நடந்த வழி அன்று. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த வுல்ஃப்ராம் அல்ஃபா இதற்குத் தக்க சான்று. அதன் அடித்தளமாகிய மதமற்றிக்கா தொகையீட்டை மாணவர் அறியாத பொதுமுறைகளாற் கண்டறிகின்றது. மாணவர்க்குக் காட்டும் வரிகளை, மனிதர் கையாளும் உத்திகளைப் பின்பற்றும் வேறொரு நிரல் தனியே ஆக்கித் தருகின்றது. கைத்தொலைபேசியாற் கணக்கைப் படம்பிடித்தால் செய்கையைத் தரும் போட்டோமத் என்னும் செயலி 2014ஆம் ஆண்டில் வந்து, இவ்வசதியைச் சிறுவர் கைக்கும் கொண்டுசேர்த்தது. இவ்வாறு வரிகளைத் தனியே ஆக்குதல் மோசடியாகாது. ஆசிரியராகிய நாமும் விடையை முன்னரே அறிந்துகொண்டு கரும்பலகையில் ஒழுங்கான வழியை எழுதுபவரே. எனினும் நாம் எழுதும்பொழுது இடையிற் சற்று நின்று, “இனி என்ன செய்யலாம்?” என்று வகுப்பை நோக்குகின்றோம். அந்நிறுத்தந்தான் பாடம். பொறியின் பக்கத்தில் அந்நிறுத்தத்தைக் காண்பதற்கில்லை.

தான் உண்மையிற் கையாண்ட விதிகளையே காட்டும் மென்பொருளும் உண்டு. ‘டெரைவ்’ என்னும் புகழ்பெற்ற மென்பொருளை ஆக்கியோருள் ஒருவராகிய அல்பேட் றிச் பின்னர் உருவாக்கிய ‘றூபி’ அத்தகையது. அதில் ஒவ்வொரு வரிக்கும் உரிய விதி மறைவின்றிக் கூறப்படும். நேர்மையில் இது தலைசிறந்ததே. ஆயினும் அதிலுள்ள விதிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை. நமது மாணவன் தேர்வு மண்டபத்துக்குக் கொண்டுசெல்வன ஏறக்குறையப் பத்து உத்திகளும், அவற்றுள் எதனை எப்போது எடுப்பது என்னும் தெளிவுமேயாம். எண்ணிறந்த விதிகளுடையோனுக்குத் தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை. சில விதிகளே உடையோனுக்குத் தேர்ந்தெடுத்தலே கணிதம்.

தேர்வு என்பதன் பொருளை மிக எளிய கணக்கொன்றிலும் காணலாம். (ய − 1)² = 9 என்னும் சமன்பாட்டை விரித்து, ய² − 2ய − 8 = 0 என ஒழுங்குபடுத்தி, (ய − 4)(ய + 2) = 0 எனக் காரணிப்படுத்தி, 4, −2 என்னும் மூலங்களைப் பெறுதல் ஒரு வழி. ய − 1 என்பது 3 அல்லது −3 என ஒரே வரியிற் காணுதல் மற்றொரு வழி. இரண்டினும் பிழையில்லை, வரிக்கு வரி புள்ளி வழங்குவோமாயின் முதலாவதற்கே கூடுதலாக வழங்கவேண்டி நேரும். இரண்டாம் வழியைக் கண்ட மாணவனோ சமன்பாட்டின் உருவத்தை நோக்கியவன். ஒரு வழியை மாத்திரம் காட்டும் பக்கம், மற்றொரு வழி இருந்ததென்பதையே மறைத்துவிடுகின்றது.

படிமுறைப் பக்கங்களில் அடிக்கடி மெலிந்துபோகும் மற்றொன்று நிபந்தனையாகும். √(ய + 3) = ய − 3 என்பதை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் வர்க்கித்தால் ய² − 7ய + 6 = 0; மூலங்கள் 1, 6. ஆயின் 1ஐப் பிரதியிடும்போது இடப்புறம் 2, வலப்புறம் −2. ஆதலால் 6 ஒன்றே தீர்வு. வர்க்கித்தல் என்னும் படி முன்னோக்கிச் செல்லும், பின்னோக்கி வாராது. ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகளை அடுக்குமிடத்து எல்லா வரிகளும் ஒரே தன்மையனவாகவே கண்ணுக்குத் தோன்றும். எந்த வரி திரும்பத்தக்கது, எந்த வரி திரும்பத்தகாதது என்பதை அறியாதவன் இறுதியில் வரும் சரிபார்த்தலை ஒரு சடங்காகவே கருதுவான்.

இவ்விடயத்தில் மென்பொருள்கள் தம்முள்ளே வேறுபடுதலும் கவனிக்கத்தக்கது. ய என்பதன் ந ஆம் வலுவைத் தொகையிடுமாறு கேட்டால், மதமற்றிக்கா ய^(ந+1)/(ந+1) என்னும் விடையை நிபந்தனை எதுவும் கூறாது தந்துவிடும். 1960களின் இறுதியில் தொடங்கிய மக்சிமா மரபில் வந்த, இலவசமாகவே பெறத்தக்க, ‘மக்சிமா’ என இன்றும் வழங்கும் மென்பொருளோ விடைகூறுமுன் தானே ஒரு வினாவை எழுப்பும்: ந என்பது −1 ஆகுமா? அவ்வொரு வினா, நானறிந்த பல படிமுறைப் பக்கங்களினும் கற்பித்தற் பயன் மிக்கது. அதற்காக அதனை முற்றுங் குற்றமற்றது எனவும் கொள்ளற்க. ய/ய என எழுதினால், ய பூச்சியமாகலாமோ என்று கேளாது 1 என அதுவும் சுருக்கிவிடும். பொறி கேட்கும் வினாவையும் கேளாது விட்ட வினாவையும் ஒப்புநோக்கக் கற்றல் உயர்தர மாணவர்க்கு நல்லதொரு பயிற்சியாகும்.

எதிர்த்தரப்பினர் கூறுவதையும் நடுநிலையுடன் கேட்டல் வேண்டும். 1982ஆம் ஆண்டிலேயே ஹேபேட் வில்ஃப் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், சிறு கணினியில் இயங்கிய அட்சரகணித நிரல் ஒன்றைக் கண்டு, கல்லூரிக் கல்வி கற்ற தட்டு எனத் தலைப்பிட்டுக் கட்டுரை எழுதி, கணித ஆசிரியர்கள் தம் தொழிலைப் பற்றி மீண்டும் சிந்திக்கும் காலம் வந்துவிட்டதென உணர்த்தினார். 1990ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நாட்டவராகிய புறூனோ புக்பேர்கர், தொகையீட்டு விதிகளை மாணவர் இனியும் கற்கவேண்டுமா என்னும் வினாவை எழுப்பி, தாமே விடையும் கூறினார். ஒரு பகுதியைக் கற்குங்காலத்தில் அப்பகுதியைச் செய்துதரும் மென்பொருளை விலக்குக. அப்பகுதி கைவந்தபின், மேலதனைக் கற்கையில் அதனைத் தாராளமாகக் கையாள்க என்பது அவர் கொள்கை. முன்னதை வெண்பெட்டி நிலை எனவும் பின்னதைக் கரும்பெட்டி நிலை எனவும் அவர் பெயரிட்டார். இக்கொள்கை இன்றும் ஏற்புடையதே. ஆயினும் படிமுறை காட்டும் பக்கம் இவ்விரு நிலைகளுக்கும் இடையே புகுந்துகொள்கின்றது. உள்ளே நடப்பது தெரிவதுபோலத் தோன்றுவதால் மாணவன் அதனை வெண்பெட்டி என எண்ணுகின்றான். தன் கையால் எதுவும் செய்யாமையால் அவனளவில் அது கரும்பெட்டியே.

இதனினும் வலிய நியாயம் ஒன்று உண்டு. தனியார் வகுப்புக்குச் செல்ல வசதியில்லாத பிள்ளை, வீட்டிற் கணிதமறிந்தார் ஒருவருமின்றி, இரவு பத்து மணிக்கு ஒரு கணக்கில் இடறி நிற்கின்றது. அப்பிள்ளைக்குக் கைகொடுக்கும் பொறியைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? இவ்வினாவிற்கு முன் நான் தலைவணங்குகின்றேன். வெளிவாரி மாணவனாகப் பட்டப்படிப்பைத் தனியே படித்தவனாதலின், கேட்பதற்கு ஆளின்றி ஒரு வரியில் மூன்று நாள் நின்ற துன்பத்தை நானும் அறிவேன். அத்தகைய பிள்ளைக்குப் படிமுறை வேண்டாம் என்பது என் கூற்றன்று. அதற்கு வேண்டியது தான் தவறிய அவ்வொரு வரிக்குரிய துணை. பொறி கொடுப்பதோ முதல்வரி தொடங்கி இறுதிவரி வரையுள்ள முழுச் செய்கை. நடந்துசெல்பவன் கால் இடறியவிடத்துக் கைபிடித்தல் வேறு. அவனைத் தூக்கிச்சென்று ஊரெல்லையில் இறக்கிவிடுதல் வேறு. வசதியுள்ள பிள்ளையிடம் “ஏன்?” என்று கேட்க ஓர் ஆசிரியர் இருக்கின்றார். வசதியற்ற பிள்ளைக்கு இப்பக்கம் மாத்திரமே கிட்டுமாயின், நட்டம் அதற்கே கூடுதலாகும்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது “ஏன்?” என்ற வினாவுக்கும் விடையிறுக்கின்றனவே என்பாரும் உளர். அவை விளக்கம் தருவது உண்மை. ஆயினும் அட்சரகணித மென்பொருளின் வரிகளுக்குள்ள கணித உறுதி அவற்றின் வரிகளுக்கு இயல்பாக இல்லை. பிழையான படியையும் அதே தெளிந்த நடையிற் கூறவல்லன. அன்றியும், தேர்வு நிகழ்ந்தபின் அதன் காரணத்தைக் கேட்டறிதல், தானே தேர்வதற்கு ஈடாகாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? வழிகாட்டத்தக்க முயற்சிகள் இரண்டைக் குறிப்பிடுவேன். மைக்கேல் பீசன் என்னும் தருக்கவியலறிஞர் அமைத்த ‘மத்எக்ஸ்பேட்’ என்னும் மென்பொருளில், மாணவன் கோவையின் ஒரு பகுதியைச் சுட்டி, அதற்கு எச்செய்கையைச் செய்வதெனத் தெரிவான். தெரிந்த செய்கையைப் பிழையின்றிச் செய்து முடிப்பது பொறியின் கடன். மாணவன் செய்யவேண்டிய முறையிலேயே பொறியும் கணக்கைச் செய்தல், செய்யும் வழி வெளிப்படத் தெரிதல், பிழையான செய்கைக்கு இடங்கொடாமை என்னும் மூன்றையும் அவர் தம் கோட்பாடுகளாக வகுத்துக்கொண்டார். இங்கே உழைப்புப் பொறியினது, தேர்வு மாணவனது. குறி மாற்றத்திலும் பின்னச் சுருக்கத்திலும் கைப்பழக்கம் பெறாத இளைய வகுப்பினர்க்கு இது பொருந்தாது. அவர்க்கு அவ்வுழைப்பே கல்வி. உயர்தர மாணவர்க்கோ இப்பங்கீடு மிகப் பொருத்தமானது.

மற்றையது 2004ஆம் ஆண்டில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாங்வின் தொடங்கிய ‘ஸ்ராக்’ என்னும் பரீட்சிப்பு மென்பொருள். இதில் மாணவன் எழுதுவான்; அவன் எழுதியதை மக்சிமாவின் துணைகொண்டு பொறி ஆராயும். சைன் ய, கோசைன் ய என்பவற்றின் பெருக்கத்தைத் தொகையிட்டு ஒருவன் சைன் வர்க்கத்தின் அரைவாசி என்பான். மற்றொருவன் கோசைன் வர்க்கத்தின் அரைவாசிக்கு மறைக்குறியிட்டு எழுதுவான். இரண்டும் மாறிலியால் மாத்திரமே வேறுபடுவன. படிமுறைப் பக்கத்தோடு தன் விடையை ஒப்பிட்டவன், தான் பிழைத்துவிட்டதாகக் கருதிச் சரியான செய்கையை வெட்டிவிடுவான். ஆராயும் பொறியோ மாணவனது விடையை வகையிட்டு நோக்கி, இரண்டனையும் ஏற்கும். சமன்பாடுகளை வரிவரியாகத் தீர்க்குமிடத்து ஒரு வரி முன்வரிக்கு ஒப்பானதா என்று சோதிக்கும் வசதியும் அதிற் சேர்க்கப்பட்டுள்ளது.

இவற்றை நிறுவ வசதியில்லாத பாடசாலையிலும் இக்கொள்கையைக் கைக்கொள்ளலாம். வகுப்பில் ஒரு கணினியும் மக்சிமாவும் போதும். அண்மைக்காலமாக நான் கையாளும் முறை இது: மாணவர் தாளின் நடுவே கோடிட்டு, இடப்புறம் செய்கையையும் வலப்புறம் ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன் இது’ என்பதையும் எழுதுவர். முழுக் கணக்கையும் பொறியிடம் கொடுத்தல் ஆகாது. தாம் எழுதிய இரண்டு வரிகளின் வித்தியாசத்தைச் சுருக்குமாறு பொறியைக் கேட்கலாம். பூச்சியம் வருமாயின் அக்கோவைகள் சமமானவை. தொகையிட்ட விடையை வகையிடுமாறு கேட்டுச் சரிபார்க்கலாம். சில வேளைகளில், பொறி ஆக்கிய முழுச் செய்கையை நானே அச்சிட்டுக் கொடுத்து, வலப்புறத்தை மாத்திரம் நிரப்புமாறு பணிப்பதுமுண்டு. ‘அப்படித்தான் போட்டிருந்தது’ என்பதற்கு அப்பத்தியில் இடமில்லை. இம்முறையாற் பாடத்திட்டம் விரைந்து முடிவதில்லை என்பதையும் ஒளியாது கூறவேண்டும். முன்னர்ப் பத்துக் கணக்குச் செய்த பொழுதில் இப்போது நான்கே செய்கின்றோம்.

தொடக்கத்திற் கூறிய வழக்கிற்கு மீள்வோம். செய்கை என்பது சிந்தனையின் அடிச்சுவடு என்று நம்பினோம். அடிச்சுவட்டையும் பொறி இடவல்ல காலத்தில், சுவட்டைப் பார்த்துப் புள்ளி வழங்குவதோடு நம் கடமை முடிந்ததாகக் கொள்ளலாகாது. மாணவனை அழைத்து, இரண்டாம் வரியைச் சுட்டி, வேறு எவ்வழிகளை எண்ணினீர், அவற்றை ஏன் விட்டீர் என்று கேட்டல் வேண்டும். மாணவர்க்கும் ஒன்று கூறுவேன். பொறியின் பக்கத்தைத் திறக்குமுன் உமது தாளில் ஒரு வரியாவது எழுதுக. அது பிழையாயினும் எழுதுக. பிழைத்த வரியைத் திருத்த ஆசிரியராலும் இயலும், பொறியாலும் இயலும். எழுதாத வரியைத் திருத்த ஒருவராலும் இயலாது.